வீட்டுக் கணினித் தீநிரல்கள்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

கணினியின் உரிமையாளருக்குத் தெரியாமலோ அவரது விருப்பத்துக்கு மாறாகவோ உள்ளே புகுந்து, கோப்புகளை அழிக்கவும் தகவலைத் திருடவும் பணம் பறிக்கவும் எழுதப்பட்ட நிரல்களுக்குப் பொதுப்பெயர் தீநிரல் (மால்வேர்). தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: வைரஸ். கணினி மெதுவாக ஓடினாலும், கோப்பு காணாமல் போனாலும், விளம்பரம் தானாகத் திறந்தாலும் "வைரஸ் ஏறிடுச்சு" என்பார்கள். மருந்தும் ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சிரலாம்." உண்மையில் வீட்டுக் கணினிகளை அதிகம் தொல்லைப்படுத்தியவற்றில் பல, இலக்கணப்படி வைரஸ்களே அல்ல. பெயர் மாறியதால் மருந்தும் மாறிப்போயிற்று. மாணவர்களின் ஒளிப்படங்களும் பாடக் குறிப்புகளும் ஆய்வேடுகளும் தேவையின்றி அழிந்தன.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இந்த வரலாற்றைப் பார்க்க ஏற்ற இடங்கள். இரண்டும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. ஒருபுறம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். மறுபுறம் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலைகளும். பெருநகரங்களைப் போல இங்கே வீட்டுக் கணினி படிப்படியாக வந்து சேரவில்லை. பல குடும்பங்களுக்கு முதல் கணினி, 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்ததுதான். அதற்கு முன் கணினி என்றால் தட்டச்சு நிலையம், டிடிபி கடை, பிரவுசிங் சென்டர்.

பெயர்களும் பொருளும்

தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் இயந்திரம் சாத்தியமா என்ற கேள்வியைக் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் 1949ஆம் ஆண்டு விரிவுரைகளிலேயே எடுத்துக்கொண்டார். அப்போது அது வெறும் கோட்பாடு. 1971இல் அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பில் பாப் தாமஸ் எழுதிய 'கிரீப்பர்' என்ற சோதனை நிரல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்து சென்று செய்தியைக் காட்டியது. யாருக்கும் தீங்கு செய்யவில்லை. வலையமைப்பில் ஊர்ந்து பரவும் நிரலுக்குப் 'புழு' என்ற பெயர் ஜான் பிரன்னரின் 1975ஆம் ஆண்டு நாவல் ஒன்றிலிருந்து வந்தது. 'வைரஸ்' என்ற சொல்லை ஆய்வுலகில் நிலைநிறுத்தியவர் பிரெட் கோஹன். 1983இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது அத்தகைய நிரலை எழுதிச் சோதித்துக் காட்டினார். அந்தப் பெயரைச் சொன்னவர் அவருடைய பேராசிரியர் லியோனார்ட் ஏடல்மன்.

வைரஸ் அல்லது நச்சுநிரல் தனித்து வாழாது. மரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவி போல இன்னொரு நிரலிலோ வட்டின் தொடக்கப் பகுதியிலோ ஒட்டிக்கொள்ளும். அந்த நிரலை யாராவது இயக்கும்போதுதான் தானும் இயங்கும். புழு தனி நிரல். ஒட்டிக்கொள்ள இன்னொரு கோப்பு அதற்குத் தேவையில்லை. வலையமைப்பு, மின்னஞ்சல், பென்டிரைவ் என்று கிடைத்த வழியில் தன் படியைத் தானே அனுப்பிக்கொள்ளும். ட்ரோஜன் பரவுவதே இல்லை. பயனுள்ள பொருள்போல வேடமிட்டு வருகிறது, நாமே அதை வீட்டுக்குள் அழைத்து வருகிறோம். பெயர் கிரேக்கக் கதையின் மரக்குதிரையிலிருந்து வந்தது. இம்மூன்றும் பரவும் முறையைக் குறிக்கும் பெயர்கள். உளவு நிரல் (ஸ்பைவேர்), பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) போன்றவை உள்ளே வந்தபின் என்ன செய்கின்றன என்பதைக் குறிப்பவை. ஆகவே ஒரே நிரல் புழுவாகவும் பணயத் தீநிரலாகவும் இருக்கலாம். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

2018இல் இவ்வட்டார மக்காச்சோளத்தைப் படைப்புழு தாக்கியபோது, அது தண்டுத் துளைப்பானா படைப்புழுவா என்று பிரித்தறிவதுதான் முதல் வேலையாக இருந்தது. குருத்துக்குள் ஒளிந்திருப்பதற்கு மருந்தும் வேறு, அடிக்கும் விதமும் வேறு. கணினியிலும் அப்படித்தான்.

பிளாப்பி வழியே

தனிக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ்களில் ஒன்று நம் அண்டை நாட்டில் பிறந்தது. 1986 ஜனவரியில் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் பரூக் ஆல்வி சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்'தான் ஐபிஎம் வகைக் கணினிகளின் முதல் வைரஸாகக் கருதப்படுகிறது. தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுப் படி எடுப்பவர்களைக் கண்டறியவே எழுதியதாக அவர்கள் கூறினர். நிரலுக்குள் தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து அழைப்புகள் வந்து குவிந்தபோதுதான் அது எவ்வளவு தொலைவு போயிருக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்தது. பிரெயின், பிளாப்பி வட்டின் தொடக்கப் பகுதியில் அமர்ந்துகொண்டு, அங்கிருந்த அசல் தகவலை வேறிடத்துக்கு நகர்த்தி, அந்த இடத்தைப் பழுது என்று குறித்துவிடும். யாராவது தொடக்கப் பகுதியைப் படித்துப் பார்த்தால் நகர்த்தி வைத்த அசலைக் காட்டி ஏமாற்றும். வன்தட்டை அது தொடவில்லை.

இந்தியாவில் மென்பொருள் அன்று பெரும்பாலும் கைமாறும் பிளாப்பிகளில்தான் பயணம் செய்தது. வைரஸும் கூடவே போயிற்று. இதிலிருந்து ஓர் உள்நாட்டுத் தொழில் பிறந்தது. சென்னையில் 1991இல் ஜெ. கேசவர்தனன் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங் நிறுவனம், பின்னர் ஜப்பானிய வீட்டுக் கணினிகளுக்குக்கூடத் தன் தடுப்பு மென்பொருளை விற்கும் அளவுக்கு வளர்ந்தது. புனேயில் கணக்கிடும் கருவிகளைப் பழுது பார்த்துவந்த கைலாஷ் காட்கரின் கடையிலிருந்து, 1990களின் நடுவில் குவிக் ஹீல் வந்தது. கடைக்குப் பழுது பார்க்க வந்த கணினிகளில் வைரஸ் தொல்லை அதிகமாக இருந்ததே அதற்குத் தூண்டுதல்.

வீட்டுக் கணினி வைத்திருந்த இந்தியர்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கும் பெயர் சிஐஎச். தைவான் மாணவர் சென் இங்-ஹௌ 1998இல் எழுதியது. விண்டோஸ் 95, 98 நிரல் கோப்புகளுக்குள் காலியாக இருந்த இடைவெளிகளில் தன்னைத் துண்டு துண்டாக நிரப்பிக்கொள்ளும். கோப்பின் அளவு மாறாது. ஆகவே சந்தேகமும் வராது. 1999 ஏப்ரல் 26 அன்று அது விழித்தது. வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்தது. தாய்ப்பலகையில் இருக்கும் பயாஸ் சில்லின் நிரலையும் மேலெழுத முயன்றது. அதில் வெற்றிபெற்ற கணினிகளில் திரைகூட ஒளிரவில்லை. ஃபார்மட் செய்வதற்கும் கணினி இயங்க வேண்டுமே! சில்லைக் கழற்றி வேறு கருவியில் எழுதி மாட்ட வேண்டும், இல்லையேல் பலகையையே மாற்ற வேண்டும். திருட்டு மென்பொருள் பெருகியிருந்த ஆசிய நாடுகளில், இந்தியா உட்பட, பாதிப்பு மிகுதியாக இருந்தது. செர்னோபில் அணுவுலை விபத்தும் அதே தேதியில் நிகழ்ந்ததால் செர்னோபில் வைரஸ் என்றும் பெயர் பெற்றது.

மின்னஞ்சல் புழுக்களும் இந்தியச் சட்டமும்

2000 மே 4 அன்று பிலிப்பைன்சிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' புழு, காதல் கடிதம் என்ற பெயரில் வந்த இணைப்பைத் திறந்தவுடன் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னை அனுப்பியது. ஒளிப்படக் கோப்புகளின் மேல் தன்னை எழுதி அழித்தது. எழுதியவர் அடையாளம் காணப்பட்டும் தண்டிக்கப்படவில்லை; அதைக் குற்றமாக்கும் சட்டம் அந்நாட்டில் அப்போது இல்லை. மின்னஞ்சல் பழக்கமே அரிதாக இருந்த தமிழகக் கிராமங்களுக்கு அது செய்தித்தாள் செய்தி மட்டுமே. ஆனால் அதன் தொழில்நுட்பத்தை நினைவில் கொள்ள வேண்டும். விஷுவல் பேசிக் ஸ்கிரிப்டில் எழுதிய அதே வகை நிரல், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வேறு வண்டியில் ஏறி இங்கே வந்தது.

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியின்றிக் கணினி வைரஸையோ 'கணினி மாசு' என்று பொருள்படும் பிற நிரலையோ புகுத்துவதைத் தடுக்கிறது. வைரஸையும் மாசையும் சட்டம் தனித்தனியே வரையறுத்திருப்பது கவனிக்கத்தக்கது. பேச்சுவழக்கில் இல்லாத நுணுக்கம் சட்டத்தில் இருந்தது. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இதையே மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2004 முதல் இயங்குகிறது.

பென்டிரைவ் காலம்

பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊர்களின் உண்மையான தீநிரல் வரலாறு இணையத்தில் நிகழவில்லை. சட்டைப் பையில் நிகழ்ந்தது. இணைய வேகம் குறைவு, கட்டணம் அதிகம் என்றிருந்த ஆண்டுகளில் பாட்டு, படம், கல்லூரிப் பாடம், திருமண ஒளிப்படம் எல்லாம் பென்டிரைவிலும் மெமரி கார்டிலும்தான் பயணம் செய்தன. ஒரு தெருவின் பென்டிரைவுகள் எல்லாம் ஜெராக்ஸ் கடையின் ஒரே கணினியில் வந்து செருகப்பட்டன. பொதுக் குளத்தில் ஒருவர் கொண்டுவந்த நோய் ஊருக்கே பரவுவது போல, அந்த ஒரு கணினி பாதிக்கப்பட்டிருந்தால் அன்று அச்செடுக்க வந்த அத்தனை பேரும் அதைச் சுமந்து சென்றனர்.

விண்டோஸின் ஒரு வசதியே அதற்கு வழி செய்தது. குறுந்தகட்டைப் போட்டவுடன் அதிலுள்ள மென்பொருள் தானாகத் தொடங்குவதற்காக 'ஆட்டோரன்' என்ற சிறு கட்டளைக் கோப்பு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. புழு எழுதியவர்கள் அதே கோப்பைப் பென்டிரைவில் வைத்தார்கள். பயனர் எதையும் திறக்க வேண்டாம், செருகினால் போதும். அல்லது வட்டின் படத்தை இருமுறை சொடுக்கினால் போதும். 2008 நவம்பரில் தோன்றி உலகெங்கும் பல லட்சம் கணினிகளைப் பிடித்த கான்ஃபிக்கர், இதில் ஒரு நாடகமும் சேர்த்தது: பென்டிரைவைச் செருகியதும் வரும் பெட்டியில் "கோப்புறையைத் திறந்து பார்க்க" என்ற வரியை மஞ்சள் கோப்புறைப் படத்தோடு போலியாகக் காட்டியது. அதைச் சொடுக்கியவர் புழுவையே இயக்கினார். வலையமைப்பு வழியாகவும் அது பரவியது; அதற்கான ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அந்த அக்டோபரிலேயே அடைத்திருந்தது. ஆனால் உரிமம் இல்லாத விண்டோஸ் ஓடிய கணினிகளில் புதுப்பிப்பு வசதியையே அணைத்து வைப்பது வழக்கம். ஓட்டை திறந்தே கிடந்தது.

இன்னொரு வகை, கோப்புறை வேடம். 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில், கோப்புறையின் படத்தோடு ஒரு நிரல் கோப்பு கிடக்கும். கோப்பின் பின்னொட்டைக் காட்டாமல் மறைப்பது விண்டோஸின் இயல்பு என்பதால், அது நிரல் என்று கண்ணுக்குத் தெரியாது. இந்தோனேசியாவில் தோன்றிய ப்ரோன்டோக் இம்மாதிரி வேடத்தில் பெயர் பெற்றது. வேடமிடுவதால் ட்ரோஜனின் குணம், தன்னைப் படியெடுத்துப் பரவுவதால் புழுவின் குணம். கடைக்காரர் சொன்னதோ "வைரஸ்". அதே காலத்தில் உண்மையான வைரஸும் ஒன்று உலவியது. 2003இல் கண்டறியப்பட்ட சாலிட்டி, கணினியில் இருக்கும் நிரல் கோப்புகள் ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொள்ளும். புழுவின் கோப்பை நீக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சாலிட்டியில் நீக்குவதற்கென்று தனிக் கோப்பே இல்லை, எல்லா நிரலும் நோயாளிதான். இதற்கு முழு ஃபார்மட் நியாயமான மருந்து. துயரம் என்னவென்றால், இதற்குரிய மருந்தை மற்ற எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள்.

விண்டோஸ் 7 வெளிவந்தபோது பென்டிரைவில் ஆட்டோரன் தானாக இயங்குவது நிறுத்தப்பட்டது; பழைய பதிப்புகளுக்கு 2011 பிப்ரவரியில் அதே மாற்றம் புதுப்பிப்பாக வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டின் மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்து வழங்கப்பட்ட கணினிகள், பின்வந்த ஆண்டுகளில் 50 லட்சத்தைத் தாண்டின. காரை, வேப்பந்தட்டை, செந்துறை, தா.பழூர் போன்ற ஊர்களில் கணினியே பார்க்காத வீடுகளுக்குள்ளும் அவை சென்றன.

கதவு ஒன்று அடைபட்டதும் புழு வேறு கதவைக் கண்டது. 2013 அளவில் பரவிய ஜென்க்சஸ் போன்ற ஸ்கிரிப்ட் புழுக்களும், கமாரூ எனப்படும் ஆண்ட்ரோமெடாவும் குறுக்குவழிக் கோப்பை ஆயுதமாக்கின. பென்டிரைவில் இருக்கும் கோப்புகளை எல்லாம் மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிகளை வைக்கும். மாணவர் 'புராஜெக்ட்' என்பதைச் சொடுக்கினால் முதலில் புழு இயங்கும், பிறகு உண்மையான கோப்பும் திறக்கும். எதுவும் கெட்டதாகவே தோன்றாது. கமாரூ இன்னும் கெட்டிக்காரத்தனமாக, எல்லாக் கோப்புகளையும் பெயரே தெரியாத, வெற்றிடத்தைப் பெயராகக் கொண்ட ஒரு மறைந்த கோப்புறைக்குள் தள்ளிவிட்டு வெளியே ஒரே ஒரு குறுக்குவழியை மட்டும் விட்டுவைத்தது. தடுப்பு மென்பொருள் அந்தக் குறுக்குவழியை நீக்கியதும் பென்டிரைவ் காலியாகக் காட்சி தந்தது. பதறிய மாணவர் கடைக்கு ஓடினார். கடையில் ஃபார்மட் செய்தார்கள். அதுவரை பத்திரமாக இருந்த கோப்புகள் அப்போதுதான் உண்மையில் அழிந்தன.

புழு ஒரு கோப்பையும் அழிக்கவில்லை, மறைத்தது, அவ்வளவுதான். கட்டளைச் சாளரத்தில் 'அட்ரிப்' என்ற ஒற்றை வரிக் கட்டளை மறைப்பை நீக்கிவிடும். அதைவிட எளிய வழி அந்த மடிக்கணினிக்குள்ளேயே இருந்தது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸ் இயங்குதளமும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. கணினியை பாஸில் தொடங்கிப் பென்டிரைவைச் செருகினால், விண்டோஸின் மறைப்புக் குறியை லினக்ஸ் பொருட்படுத்தாது. எல்லாக் கோப்புகளும் தெரியும். விண்டோஸ் குறுக்குவழி அங்கே செல்லாக் காசு, புழுவும் இயங்காது. தேவையானதை நகலெடுத்துவிட்டு மீதியை நீக்கினால் வேலை முடிந்தது. ஆனால் நடைமுறையில் பயன்பட்டது விண்டோஸ்தான். பாஸ் எதற்காக இருக்கிறது என்று மாணவருக்குச் சொல்ல ஆள் இல்லாத இடங்களில், மருந்து வீட்டிலேயே இருந்தும் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்ற நிலைதான். திட்டத்தின் பெரிய வாய்ப்பு ஒன்று இப்படித் தவறிப்போனது.

ஆண்ட்ரோமெடா வலைப்பின்னலை ஐரோப்பிய, அமெரிக்கக் காவல் அமைப்புகள் 2017 நவம்பரில் முடக்கின. அதே ஆண்டு பிப்ரவரியில் இந்திய அரசு சைபர் ஸ்வச்சதா கேந்திரத்தைத் தொடங்கி, தீநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்கியது.

பணயமும் உளவும்

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் முறை புதிதல்ல. 1989இலேயே ஜோசப் பாப் என்பவர் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி பிளாப்பி வட்டுகளைத் தபாலில் அனுப்பினார். கணினியைத் தொண்ணூறு முறை தொடங்கியபின் அது கோப்புப் பெயர்களைக் குலைத்து, பனாமா நாட்டு அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. பணம் வாங்குவது கடினமாக இருந்ததால் அந்தத் தொழில் அப்போது வளரவில்லை. மறைக்குறி நாணயம் வந்தபின் வளர்ந்தது. 2017 மே 12 அன்று கிளம்பிய வான்னாக்ரை புழுவாகப் பரவிப் பணயத் தீநிரலாக வேலை செய்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அதற்கான ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்திருந்தது.

மாணவர் வீடுகளுக்கு வான்னாக்ரையைவிட நெருங்கி வந்தது 2018 இறுதியிலிருந்து பரவிய ஸ்டாப் வகை. விலைக்கு விற்கும் மென்பொருளைத் திறக்கும் 'கிராக்' என்ற பெயரில் தரவிறங்கும் ட்ரோஜன் அது. படம், ஆவணம் எல்லாவற்றையும் மறையாக்கி நூற்றுக்கணக்கான டாலர் கேட்டது. இந்தியாவில் இதனால் பாதிக்கப்பட்டோர் ஏராளம். இங்கே ஃபார்மட் செய்வது இரட்டைத் தவறு: பூட்டப்பட்ட கோப்புகளை எடுத்து வைத்திருந்தால், சாவி பின்னாளில் வெளிவரும்போது திறக்கலாம். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் அதன் பல பழைய வடிவங்களுக்கு இலவச மீட்புக் கருவியை வெளியிட்டபோது, கோப்புகளைப் பொறுமையோடு வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே அது பயன்பட்டது.

உளவு நிரல் இதற்கு நேரெதிர். தன் இருப்பையே காட்டாது. தமிழ்நாட்டில் இதற்குப் பலரும் அறிந்த சான்று வீட்டுக் கணினி அல்ல, கூடங்குளம். 2019 செப்டம்பரில் அங்கே ஒரு கணினியில் தீநிரல் இருப்பதைச் செர்ட்-இன் தெரிவித்தது. தகவல் திரட்டும் டி-டிராக் வகை என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டு, அது இணையத்தோடு இணைந்த நிர்வாகப் பணிக் கணினி என்றும், உலைக் கட்டுப்பாட்டு வலையமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டது என்றும் விளக்கியது.

கைப்பேசிக்கு மாறியபின்

2016க்குப் பின் கைப்பேசி இணையம் மலிவானதும் பென்டிரைவின் ஆட்சி முடிந்தது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று நின்றது. வீட்டின் முதன்மைக் கணினி இப்போது கைப்பேசிதான். அதற்கு வருபவை பெரும்பாலும் ட்ரோஜன்கள். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு, வங்கி விவரம் புதுப்பித்தல் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் 'ஏபிகே' கோப்பு வருகிறது. உண்மையான அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், நிறுவச் சொல்லாது. நிறுவியவரிடம் அது குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியைக் கேட்கிறது. கொடுத்தால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுஎண் நேராகத் திருடனுக்குப் போகிறது.

இப்போதும் பலர் முதலில் செய்வது கைப்பேசியைக் கடைக்குக் கொண்டுபோய் அழித்துப் புதிதாக்குவது. பணம் வெளியேறியிருந்தால் அதற்கு முன் செய்ய வேண்டியவை வேறு: கைப்பேசியின் இணையத்தைத் துண்டிப்பது, வேறொரு பேசியிலிருந்து 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே சொல்வது. பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். கைப்பேசியை அழித்தால் அந்த ஏபிகே கோப்பும் குறுஞ்செய்திகளும் போய்விடும். புகாருக்குச் சான்றாக இருக்கக்கூடியவை அவைதான்.